வேகம் + திசை = திசைவேகமா? ஒரு பாடத்தின் மீது சில குறிப்புகள்

போன மாதம் பழனியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கும் அவள் மகள், திருத்திக் கொடுத்த அறிவியல் விடைத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"பாருங்க மாமா, இதுல என்ன தப்பு?"

கேள்வி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'வேகம், திசைவேகம் – வேறுபடுத்துக.' இரண்டு மதிப்பெண். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் நாலு வரி, வலப்பக்கம் நாலு வரி எழுத வேண்டும். அவள் கோடு போடவில்லை. இரண்டே வாக்கியம் எழுதியிருந்தாள்: "நேராகப் போனால் இரண்டும் ஒரே எண்தான் வரும். வளைந்து வளைந்து போனால் வேறு வேறு எண் வரும்."

பக்கத்தில் சிவப்பு மையில் முட்டை.

"வேகத்தோட திசையைச் சேர்த்தா திசைவேகம். அதை எழுதியிருந்தா மார்க் கிடைச்சிருக்கும் பாப்பா" என்றேன். அவள் விடவில்லை. "புக்குல இருக்குற எல்லாக் கணக்குலயும் ரெண்டுக்கும் ஒரே விடைதானே வருது? கடைசியில 'கிழக்கு நோக்கி'னு ஒட்டிக்கிறாங்க. அதுக்கு எதுக்கு மாமா ரெண்டு பேரு?" என்னிடம் பதில் இல்லை. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: "எனக்கு பிசிக்ஸ் வராது மாமா. ப்ளஸ் ஒன்ல வேற குரூப் எடுத்துக்கறேன்."

மறுநாள் காலையில் கொடைக்கானல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அவள் எழுதியது சரி. நான் சொன்னதுதான் பாதித் தப்பு. இந்தப் பதிவு அந்தப் பாதித் தப்பைப் பற்றியது. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் எழுதிய அதே விடையைத்தான் நானும் முப்பது வருடமாகத் தலையில் வைத்திருந்தேன். புத்தகம், கைடு, கரும்பலகை மூன்றும் சேர்ந்து நடத்தும் அந்தப் பாடத்தின் மீதுதான் என் விமர்சனம்.

பஸ் கணக்கு

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். எங்கள் பஸ் 3 மணி நேரம் எடுத்தது. வகுத்தால் மணிக்குச் சுமார் 22 கி.மீ. இது சராசரி வேகம். சிக்கல் எதுவும் இல்லை.

இனி வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோடு போட்டால் சுமார் 24 கி.மீ.தான் வருகிறது. தெற்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்த கோடு. இதுதான் இடப்பெயர்ச்சி. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்குப் போட்ட அம்பு. அதை 3 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 கி.மீ. இது சராசரித் திசைவேகத்தின் அளவு.

ஒரே பஸ், ஒரே பயணம். ஒன்று 22, இன்னொன்று 8.

'வேகத்தோடு திசையைச் சேர்த்தால் திசைவேகம்' என்று நான் சொன்னது உண்மையாக இருந்தால், விடை 'மணிக்கு 22 கி.மீ., தெற்கு நோக்கி' என்று வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கை நம்பி 3 மணி நேரம் போயிருந்தால் எங்கே இறங்கியிருப்பேன் தெரியுமா? அதே கோட்டில் 65 கி.மீ. தள்ளி. கொடைக்கானல் மலையைத் தாண்டி, தேனியையும் தாண்டி, சின்னமனூர்ப் பக்கம். ஏரிக்கரையில் இறங்க வேண்டியவன் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியிருப்பேன்!

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் வேகமும் திசைவேகத்தின் அளவும் ஒன்றுதான். அங்கே 'வேகம் + திசை' என்று சொன்னால் குற்றமில்லை. ஆனால் நம் பாடம் கேட்கிற கணக்குகள் பெரும்பாலும் கணத்தைப் பற்றியவை அல்ல. 'இவ்வளவு தூரத்தை இவ்வளவு நேரத்தில் கடந்தான்' என்கிற சராசரிக் கணக்குகள். அங்கே இந்தச் சுருக்கம் தப்பான இடத்தில்தான் இறக்கிவிடும். 'இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகு' என்கிற சூத்திரத்தைப் பாடம் சரியாகவே தருகிறது. அடுத்த வரியிலேயே நேர்கோட்டில் ஓடும் காரையும் நேர்கோட்டில் ஓடும் பையனையும் கணக்காகக் கொடுத்து, சூத்திரத்துக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறது. நேர்கோட்டில் தொலைவும் இடப்பெயர்ச்சியும் ஒன்றுதான். அப்புறம் அந்தப் பெண் 'எதுக்கு ரெண்டு பேரு' என்று கேட்காமல் வேறு என்ன கேட்பாள்?

பழனிக்காரர்களுக்கு இதற்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. மாம்பழக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றிவந்தார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றிவந்தார். தொலைவில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இடப்பெயர்ச்சி இருவருக்கும் பூஜ்யம். கோபித்துக்கொண்டு கயிலாயத்திலிருந்து பழனிக்கு வந்தாரே, அந்தப் பயணத்துக்குத்தான் இடப்பெயர்ச்சி உண்டு. அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ ரெண்டு பேருக்கும் சராசரித் திசைவேகம் சைபரா?" என்று அவளே முடித்தாள். ஒரு சூத்திரமும் எழுதவில்லை.

இதனால் இடப்பெயர்ச்சிதான் உசத்தி, தொலைவு மட்டம் என்று அர்த்தமில்லை. கண்டக்டர் டிக்கெட் போடுவது 65 கி.மீ.க்குத்தான், 24க்கு இல்லை. டயர் தேய்வதும் டீசல் எரிவதும் தொலைவுக்குத்தான். மலைக்கு மேலே பறக்கும் காக்காய்க்கு 24 போதும். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். 'வேறுபடுத்துக' என்று கேட்கிற பாடம், எந்தக் கேள்விக்கு எது பதில் என்பதை மட்டும் சொல்வதில்லை.

பெயரில் ஒரு சிக்கல்

'திசைவேகம்' என்ற சொல்லே நம்மைத் தவறாக நடத்துகிறதோ என்று ஒரு சந்தேகம். திசை, வேகம் என்று இரண்டு சொல்லை ஒட்டியிருப்பதால், கேட்டதுமே 'வேகத்துக்குத் திசை என்ற வால்' என்று மனசு படம் போட்டுவிடுகிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வேறு ஜோடி. நாம் வேகம் என்பதை அவர்கள் 'கதி' என்கிறார்கள். நாம் திசைவேகம் என்பதை அவர்கள் 'வேகம்' என்கிறார்கள். ஆக, யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு 'வேகம்' என்றால் திசை உள்ளது. பழனிப் பிள்ளைக்கு 'வேகம்' என்றால் திசை இல்லாதது. இணையத்தில் தமிழில் இயற்பியல் தேடிப் படிக்கிற மாணவர்கள் இதில் முட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

எது நல்லது? கதி, வேகம் என்று இரண்டு தனிச் சொற்கள் இருப்பதால், 'இவை இரண்டும் வேறு வேறு பொருள்' என்ற எண்ணம் இலங்கை வழக்கில் முதலிலேயே வந்துவிடுகிறது. ஆனால் பேச்சுத் தமிழில் 'பஸ் வேகமாப் போச்சு' என்றால் யாரும் திசையை நினைப்பதில்லை. அந்த இடத்தில் நம் வழக்குதான் பேச்சோடு ஒத்துப்போகிறது. 'கதி' என்று பழனியில் சொன்னால் 'என் கதி என்ன ஆகுமோ' என்கிற கதிதான் ஞாபகத்துக்கு வரும். அதனால் பெயரை மாற்றச் சொல்லவில்லை. பெயரை வைத்தே விளக்கத்தை முடித்துக்கொள்ளும் சோம்பலைத்தான் குறை சொல்கிறேன்.

மீட்டர், வயிறு, காது

திரும்ப பஸ்ஸுக்கு வருவோம். மலைப்பாதை பஸ்ஸில் மூன்று அளவுகருவிகள் இருக்கின்றன. பாடம் முதலாவதை மட்டுமே பார்க்கிறது.

முதல் கருவி, டிரைவர் முன்னால் இருக்கிற வேகமானி. அதற்குத் திசை தெரியாது. வடக்கே போனாலும் தெற்கே போனாலும் 18 என்றால் 18தான்.

இரண்டாவது, நம் வயிறு. கொண்டை ஊசி வளைவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 மீட்டரில், கிழக்குப் பார்த்து நுழைகிறது. அதே வேகத்தில் மேற்குப் பார்த்து வெளியே வருகிறது. முள் 18ஐ விட்டு அசையவே இல்லை. வேகத்தில் மாற்றம் பூஜ்யம். திசைவேகத்தில்? கிழக்கே 5 இருந்தது மேற்கே 5 ஆகிவிட்டது. மாற்றம் வினாடிக்கு 10 மீட்டர். வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், திரும்புகிற நேரம் முழுக்க பஸ்ஸுக்கு 2.5 மீ/வி² முடுக்கம் இருக்கும். புவியீர்ப்பு முடுக்கத்தில் அது கால் பங்கு. உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு இதை உடனே பிடித்துவிடுகிறது. கண்ணோ முன்சீட்டையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு 'ஒண்ணும் அசையலையே' என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல் வருகிறது. கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு பயணம் செய்கிற ஒவ்வொருவரும், 'வேகம் மாறாமலே திசைவேகம் மாறும்' என்பதைப் பரிசோதனை செய்து பார்த்தவர்தான்.

மூன்றாவது, காதடைப்பு. பழனியிலிருந்து கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்றத்தையும் சேர்த்து நேர்கோட்டைக் கணக்கிட்டால், 24 கி.மீ. என்பது 24.07 கி.மீ. ஆகிறது, அவ்வளவுதான். அம்பின் மொத்த நீளத்தில் உயரத்துக்குப் பங்கே இல்லாத மாதிரி. ஆனால் காதுக்கு அம்பின் மொத்த நீளம் தேவையில்லை. அதன் மேல்நோக்கிய பகுதி மட்டும்தான் தேவை: 3 மணி நேரத்தில் 1.8 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 10 மீட்டர். காற்றழுத்தம் குறைவது அந்தக் கூறினால்தான். இன்ஜின் முனகுவதும் அதனால்தான்.

இந்த மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். திசைவேகத்தை நாம் எப்போதும் முழுசாகச் சந்திப்பதில்லை. நாம் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோமோ அந்தப் பக்கத்துக் கூறு மட்டும் நமக்குக் கிடைக்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர், இதே கொடைக்கானலில், இதை வைத்தே உலகம் அறிந்த ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார்.

1909 ஜனவரி 5

கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் இருப்பது சுற்றுலா போகிறவர்களுக்கும் தெரியும். கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். 1899இல் வேலையைத் தொடங்கியது. 1907இல் இங்கே வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட். இங்கிலாந்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே, சொந்த ஆர்வத்தில் சூரியனை ஆராய்ந்தவர். பிற்பாடு 1911 முதல் 1923 வரை ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

சூரியக் கரும்புள்ளிகளைப் பற்றி அப்போது பெரிய பரபரப்பு. அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல், புள்ளிகளைச் சுற்றிச் சுழல் போன்ற வடிவங்களைப் படம் எடுத்திருந்தார். 1908இல் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதையும் காட்டினார். கரும்புள்ளி என்பது ஒரு சூறாவளி, வாயு அங்கே சுழல்கிறது என்ற எண்ணம் வலுவாக இருந்தது.

1909 ஜனவரி 5ஆம் தேதி எவர்ஷெட் கரும்புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். சூரிய ஒளியைப் பிரித்தால் வண்ணப் பட்டையில் நிறையக் கருங்கோடுகள் தெரியும். ஒளி தருகிற வாயு நம்மை நோக்கி வந்தால் அந்தக் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். இதுதான் டாப்ளர் விளைவு. நகர்வு மிகச் சின்னது. வாயு வினாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் விலகுகிறது என்று வைத்துக்கொண்டால், கோட்டின் அலைநீளம் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். புள்ளியின் குறுக்கே வந்த கோடுகள் நேராக இல்லாமல் சாய்ந்திருப்பதை எவர்ஷெட் தன் கண்ணாடித் தகட்டில் பார்த்தார்.

இங்கே ஒரு சிக்கல். டாப்ளர் முறைக்குத் தெரிவது நம்மை நோக்கியோ நம்மை விட்டு விலகியோ இருக்கிற இயக்கம் மட்டும்தான். பக்கவாட்டில் எவ்வளவு பறந்தாலும் அதற்குத் தெரியாது. பஸ்ஸில் காதுக்கு ஏற்றம் மட்டும் தெரிந்த மாதிரி. அப்படியானால் வாயு சுழல்கிறதா, வேறு எங்காவது போகிறதா என்று எப்படிச் சொல்வது?

பழனி அடிவாரத்திலேயே இதைப் புரிந்துகொள்ளலாம். மலைக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி நின்று, வடக்கே பார்க்கிறீர்கள். கூட்டம் கிரிவலம் வருகிறது. உங்களுக்கு வலப்பக்கம் இருப்பவர்கள் உங்களை நோக்கி வருவார்கள். இடப்பக்கம் இருப்பவர்கள் விலகிப் போவார்கள். மலைக்கு முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவர்களும் பக்கவாட்டில் நகர்வார்கள். இது சுழற்சி.

இப்போது தைப்பூசம் முடிந்து கூட்டம் கலைகிறது. அடிவாரத்திலிருந்து நாலா திசையிலும் போகிறார்கள். மலைக்கு முன்பக்கம் இருப்பவர்கள் உங்களை நோக்கி வருவார்கள். பின்பக்கம் இருப்பவர்கள் விலகிப் போவார்கள். இடமும் வலமும் இருப்பவர்கள் பக்கவாட்டில் போவார்கள். இது வெளிநோக்கிய ஓட்டம். எல்லோரும் ஒரே வேகத்தில் நடந்தாலும், யார் நெருங்குகிறார், யார் விலகுகிறார் என்பதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

எவர்ஷெட் செய்ததும் இதுதான். சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒதுங்கியிருக்கிற புள்ளியை எடுத்துக்கொள்வோம். கருவியின் மெல்லிய பிளவை நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கோட்டிலேயே புள்ளியின் மீது வைத்தால், கோடுகள் நன்றாக நகர்ந்திருந்தன: விளிம்புப் பக்கம் சிவப்புக்கு, நடுப் பக்கம் ஊதாவுக்கு. பிளவை அதற்குக் குறுக்கே திருப்பினால் நகர்வு மறைந்துவிடுகிறது. சுழற்சியாக இருந்திருந்தால் நேர் எதிராக நடந்திருக்க வேண்டும். புள்ளி வட்டத்தின் நடுவுக்கே வந்துவிட்டால் நகர்வு போய்விடுகிறது. அப்போது நாம் மலையுச்சியிலிருந்து நேர் கீழே கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி, யாரும் நம்மை நோக்கி வருவதுமில்லை, விலகுவதுமில்லை. ஆக, புள்ளியின் கருமையைச் சுற்றியிருக்கிற சாம்பல் நிறப் பகுதியில் வாயு கிடைமட்டமாக வெளியே பாய்கிறது. அந்த ஆண்டே அவர் இதை வெளியிட்டார். இன்றும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். 2008இல், நூற்றாண்டை ஒட்டி, இந்திய அஞ்சல் துறை தபால்தலை கூட வெளியிட்டது. அதே புள்ளிக்கு மேலே, உயர அடுக்கில், ஓட்டம் தலைகீழாக உள்நோக்கி இருக்கிறது என்பது இன்னொரு சுவாரசியம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எவர்ஷெட்டின் கையில் முதலில் 'வேகம்' கிடைத்து, அதற்குப் பிறகு அவர் திசையைச் சேர்க்கவில்லை. முதலில் கிடைத்ததே திசைக்குக் கட்டுப்பட்ட ஓர் எண்: பார்வைக் கோட்டின் மீது விழும் கூறு. பல கோணங்களில் பார்த்துத் திசையைக் கண்டுபிடித்த பிறகுதான், வாயுவின் உண்மையான வேகம் என்ன என்று பேசவே முடிந்தது. நம் பாடம் சொல்லும் வரிசைக்கு நேர் எதிர். சாலையோரத்தில் போலீசார் பிடிக்கிற வேகத் துப்பாக்கியும் இப்படித்தான். பக்கவாட்டில் நின்று பிடித்தால் உண்மையை விடக் குறைவாகவே காட்டும்.

அப்புறம்?

பாடத்தைக் குறை சொல்வது சுலபம். நாற்பது பிள்ளைகளையும் முடிக்க வேண்டிய பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு நிற்கிற ஆசிரியரின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. விடைக்குறிப்பில் இல்லாத விடைக்கு மதிப்பெண் போடத் தயக்கம் இருக்கும். அதனால் மூன்றே விஷயம்தான் கேட்கிறேன்.

ஒன்று, வேகத்தில் தொடங்காமல் இடப்பெயர்ச்சியில் தொடங்கலாம். அம்பு வரையத் தெரிந்த பிள்ளைக்குத் திசைவேகம் என்பது அந்த அம்பைக் காலத்தால் வகுப்பது மட்டும்தான். இரண்டு, முதல் கணக்கே வளைந்த பாதையாக இருக்கட்டும். விடைகள் 22, 8 என்று வேறு வேறாக வரட்டும். நேர்கோடு கடைசியில் வரட்டும், இரண்டும் ஒன்றாகிற அபூர்வமான சந்தர்ப்பமாக. மூன்று, 'வேறுபடுத்துக' என்ற கேள்வியை ஒரு வருடமாவது தூக்கிவிட்டு, 'இந்த இரண்டும் எப்போது ஒன்றாகும்?' என்று கேட்டுப் பார்க்கலாம். மனப்பாடம் செய்தவர் திணறுவார். புரிந்தவர் இரண்டு வரியில் எழுதிவிடுவார்.

என் அக்கா மகள் எழுதின மாதிரி.

கொடைக்கானலிலிருந்து திரும்பி வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பஸ் கணக்கைப் போட்டுக் காட்டினேன். எவர்ஷெட் கதையையும் சொன்னேன். கிரிவலக் கூட்டத்துக்கு அவளே ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் அம்புகள் வரைந்தாள். பக்கத்திலேயே கலையும் கூட்டத்துக்கு இன்னொரு வட்டம். இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "சுத்திக்கிட்டே வெளியவும் போனா எப்படி மாமா தெரியும்?"

நல்ல கேள்வி. இரண்டு நகர்வும் கலந்து தெரியும், பிளவை நேர் குறுக்கே திருப்பினாலும் கோடு முழுசாக நேராகாது என்று சொன்னேன். தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். எந்த குரூப் எடுப்பாள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. அந்த முட்டை மட்டும் விடைத்தாளில் அப்படியேதான் இருக்கிறது.